தலைமுறைக் கணக்கில் விடுபட்ட பெட்டி

வீட்டுத் தொலைக்காட்சியில் செருகி ஆடும் வீடியோ கேம் கருவிகளின் வரலாறு உலகெங்கும் ஏறக்குறைய ஒரே வாய்பாட்டில் சொல்லப்படுகிறது. நிண்டெண்டோவின் ஃபேமிகாம் மூன்றாம் தலைமுறை. சேகாவின் மெகா டிரைவ் நான்காம் தலைமுறை. சோனியின் பிளேஸ்டேஷன் ஐந்தாம் தலைமுறை. பிளேஸ்டேஷன் 2 ஆறாம் தலைமுறை. இப்படியே ஏறிச் சென்று, 2020 நவம்பரில் வெளிவந்த பிளேஸ்டேஷன் 5-ஐ ஒன்பதாம் தலைமுறை என்கிறது அந்த வாய்பாடு. ஒவ்வொரு படியிலும் ஒரு நிறுவனம் புதிய கருவியை வெளியிடுகிறது, பழையது மறைகிறது. இந்தியாவைப் பற்றிப் பேச்சு வரும்போதும் இதே வாய்பாட்டிலிருந்து ஒரு முடிவு எடுக்கப்படுகிறது. இந்தியாவில் வீட்டுக் கருவிகளின் காலம் என்று ஒன்று இருக்கவே இல்லை, பிளேஸ்டேஷன் 2 மட்டும் பெருநகரங்களில் கொஞ்சம் விற்றது, மற்றவர்கள் திறன்பேசி வந்தபின் நேராக அதற்குத் தாவினார்கள் என்பதே அந்த முடிவு. சிற்றூர்கள் அந்தப் பேச்சில் இடம்பெறுவதே இல்லை.

இந்த முடிவு தவறு. தமிழ்நாட்டில் வீட்டு வீடியோ கேம் 1990-களிலேயே வேர் பிடித்துவிட்டது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒரே வம்சத்தைச் சேர்ந்த கருவி இங்கே விற்கப்பட்டது, பழுது பார்க்கப்பட்டது, ஆடப்பட்டது, வளர்ச்சியும் அடைந்தது. ஃபேமிகாமின் கட்டமைப்பைப் பின்பற்றித் தைவானிலும் சீனாவிலும் செய்யப்பட்ட 8-பிட் கருவி அது. வீடியோ கேம் வேண்டும் என்று கேட்டு வந்த பெற்றோரிடம் கடைக்காரர் எடுத்துக் கொடுத்த பெட்டி அதுதான். அதை 'டூப்ளிகேட்' என்று ஒதுக்கிவிட்டு எழுதப்படும் வரலாறு நிறுவனங்களுக்கு உரியது. இங்குள்ள வீடுகளின் வரலாறு வேறு.

முதலில் மூலக் கருவியைப் பார்க்க வேண்டும். ஃபேமிகாம் 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் 14,800 யென் விலைக்கு வெளியானது. அதை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை ஏற்றவர் மசாயுகி உவெமுரா. மலிவு என்பதே அவருக்கு இடப்பட்ட முதல் நிபந்தனை. அதனால் ரிக்கோ நிறுவனம் செய்து கொடுத்த செயலி, அப்போதே பழையதாகிவிட்ட 6502 என்ற சில்லின் வழிவந்தது. வேலை நினைவகம் 2 கிலோபைட். படத்துக்கான நினைவகம் இன்னொரு 2 கிலோபைட். திரையில் உருவங்களை நகர்த்தத் தனியாக ஒரு சில்லு இருந்ததால், இந்தச் சிறிய வசதியிலேயே மாரியோ ஓடினான், காண்ட்ராவின் வீரர்கள் சுட்டார்கள். அமெரிக்காவில் 1985-இல் என்இஎஸ் என்ற பெயரில் இதே கருவி நுழைந்தது. உலகெங்கும் விற்ற எண்ணிக்கை 6 கோடியே 19 லட்சம். பின்னால் நடந்ததற்கு ஒரு விவரம் முக்கியம். அமெரிக்கக் கருவியில் அனுமதி பெறாத விளையாட்டுகளைத் தடுக்கும் பூட்டுச் சில்லு இருந்தது. ஜப்பானிய ஃபேமிகாமில் அது இல்லை. ஆகவே தைவான் தொழிற்சாலைகள் பின்பற்றியது ஜப்பானிய வடிவத்தை. 60 பின் கொண்ட கேசட்டை.

இந்தக் கருவி ஏன் முறையான வழியில் இந்திய வீடுகளுக்கு வரவில்லை? இங்கே ஆசை இல்லை, பழக்கம் இல்லை என்பது வழக்கமான விளக்கம். உண்மையான காரணங்கள் இரண்டு. முதலாவது சுங்க வரி. 1995-இல் சேகா நிறுவனம் மெகா டிரைவை இந்தியாவில் விற்க ஷா வாலஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. 80 விழுக்காடு இறக்குமதி வரியைச் சமாளிப்பதே அதன் நோக்கம். அப்படியும் கருவியின் விலை 18,000 ரூபாய். அன்றைய அரசு ஊழியர் ஒருவரின் பல மாதச் சம்பளம் அது. இரண்டாவது காரணம் தொழில்நுட்பம். ஜப்பானியத் தொலைக்காட்சி நொடிக்கு 60 முறை திரையைப் புதுப்பிக்கும் என்டிஎஸ்சி முறை. 1982-இல் வண்ண ஒளிபரப்பு தொடங்கிய இந்தியாவில் 50 முறை புதுப்பிக்கும் 'பால்' (PAL) முறை. ஜப்பானிலிருந்து யாராவது ஃபேமிகாமை வாங்கி வந்தாலும் இங்குள்ள டிவியில் அது ஒழுங்காகத் தெரியாது. வரியும் விலையும் அடைத்துவிட்ட கதவைக் காட்டி, உள்ளே வர யாருக்கும் விருப்பம் இல்லை என்று சொல்வது நியாயமாகாது.

அந்த இரண்டு தடைகளையும் உடைத்தது தைவான். அங்குள்ள யுஎம்சி நிறுவனம் ஃபேமிகாமின் செயலிக்கும் படச் சில்லுக்கும் இணையான சில்லுகளைச் செய்தது. பால் முறை நாடுகளுக்காகத் தனி வகையும் செய்தது. இதில் ஒரு பொறியியல் நுட்பம் இருக்கிறது. நிண்டெண்டோ ஐரோப்பாவுக்காகச் செய்த பால் கருவியில் செயலிக்கும் படச் சில்லுக்கும் இடையிலான நேரக் கணக்கே மாறியிருந்தது. ஜப்பானிய விளையாட்டுகள் சிலவற்றின் படம் அதில் சிதறியது. யுஎம்சி அந்தக் கணக்கை ஜப்பானியக் கருவியோடு ஒட்டியே வைத்துக்கொண்டு, 50 முறை புதுப்பிக்கும் திரைக்கு ஏற்றவாறு இடைவெளியை மட்டும் நீட்டியது. விளையாட்டு ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடியது. ஆனால் உடையாமல் ஓடியது. வெறுமனே நகல் எடுப்பவருக்கு இந்த வேலை வராது. ஜப்பானுக்கென்று பிறந்த விளையாட்டு இந்தியாவின் டிவியில் திருத்தம் எதுவும் இல்லாமல் இயங்கியதற்கு இந்த மாற்றமே காரணம். இதே வகைச் சில்லுகள்தான் ரஷ்யாவில் 1992 முதல் டெண்டி என்ற பெயரிலும், போலந்தில் பெகாசஸ் என்ற பெயரிலும் விற்ற கருவிகளில் இருந்தன. இந்தியாவில் சாமுராய், மீடியா, லிட்டில் மாஸ்டர் போன்ற பெயர்கள் பெட்டிகளின் மேல் அச்சாகி வந்தன.

சென்னையில் பர்மா பஜாரும் ரிச்சி தெருவும் இவற்றின் வாசல்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களுக்காக 1969-இல் கடற்கரை ரயில் நிலையத்தருகே அமைந்த பர்மா பஜார், வெளிநாட்டுச் சரக்குக்குப் பேர்போனது. அங்கிருந்து மாவட்ட நகரங்களின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளுக்கும், பாத்திரக் கடையின் ஒரு மூலைக்கும், திருவிழாக் கடைகளுக்கும் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன.

சிற்றூர்களுக்கு இது எட்டவில்லை என்ற வாதத்தைச் சோதிக்க, திருத்தணியிலிருந்து சோளிங்கர் போகும் சாலையில் இருக்கும் கே.ஜி.கண்டிகை போன்ற ஊரை எடுத்துக்கொள்ளலாம். திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு இணைந்தது. தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படும் எல்லைப்புறம். விவசாயமும் சுற்று ஊர்களின் தறிகளும் சோறு போடும் பகுதி. ஆங்கில இதழ் படித்து கருவி வாங்கும் வாடிக்கையாளர் இங்கே இல்லை. ஆனால் சென்னையிலிருந்து திருத்தணிக்கு ரயில் இருக்கிறது. சரக்கு வாங்கப் பாரிமுனைக்குப் போய்விட்டு மாலையில் திரும்பும் சில்லறை வியாபாரி இருக்கிறார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு வரும் கூட்டத்தை நம்பி மலையடிவாரத்தில் கடை விரிக்கும் பொம்மை வியாபாரியும் இருக்கிறார். 8-பிட் பெட்டி பயணம் செய்தது இந்தப் பாதையில்தான். அதை ஆட எந்த மொழியும் தெரிய வேண்டியதில்லை. பட்டியலில் ஓர் எண்ணைத் தேர்ந்தெடுத்து 'ஸ்டார்ட்' பொத்தானை அழுத்தினால் போதும். வீட்டில் தெலுங்கும் பள்ளியில் தமிழும் பேசிய பிள்ளைக்கு இதில் தடுமாற எதுவும் இல்லை.

டிவி இல்லாத வீட்டில் டிவி கேமுக்கு என்ன வேலை என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. 2006-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு 14 அங்குல வண்ண டிவியைக் கொடுத்தது. அதுவரை பக்கத்து வீட்டு ஜன்னலில் நின்று டிவி பார்த்த பிள்ளைகள் தங்கள் வீட்டில் சொந்தத் திரையைப் பெற்றார்கள். அந்தத் திரையில் செருகச் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்த ஒரே கருவி 8-பிட் வீடியோ கேம். அதே ஆண்டு செப்டம்பரில் எக்ஸ்பாக்ஸ் 360 இந்தியாவுக்கு வந்தது. 2007-இல் பிளேஸ்டேஷன் 3 வந்தது, விலை 39,990 ரூபாய். வாய்பாட்டின்படி அவை ஏழாம் தலைமுறை. தமிழ்நாட்டுக் கிராமங்களில் வீட்டு வீடியோ கேம் பரவியது அதே ஆண்டுகளில், மூன்றாம் தலைமுறையின் வாரிசைக் கொண்டு. இந்த இரண்டு உண்மைகளில் ஒன்றை மட்டும் எழுதிவைத்துவிட்டு வரலாறு முடிந்தது என்று சொல்வதற்கு இல்லை.

அடுத்த குற்றச்சாட்டு, இந்தப் பெட்டி வளரவே இல்லை, 1983-லேயே உறைந்துபோனது என்பது. பெட்டியைத் திறந்து பார்த்தவர் இதைச் சொல்லமாட்டார். 1990-களின் தொடக்கத்துக் கருவியில் பலகை பெரிது. செயலி, படச் சில்லு, நினைவகச் சில்லுகள் எல்லாம் தனித்தனியாக வரிசையில் நிற்கும். பத்தாண்டுக்குள் அவை அனைத்தும் ஒரே சில்லுக்குள் அடங்கின. 2000-களின் கருவியைத் திருகு கழற்றித் திறந்தால், உள்ளங்கையளவு பலகையின் நடுவே கறுப்புப் பிசின் சொட்டாக உறைந்திருக்கும். அதன் அடியில் மொத்தக் கருவியும் இருக்கும். சுற்றிலும் சில மின்தேக்கிகள், ஒரு படிகம், கேசட் செருகும் 60 பின் துளை, அங்கிருந்து ஏவி துளைக்கு ஓடும் இரண்டு மூன்று வயர்கள். விலை ஆயிரங்களிலிருந்து நூறுகளுக்கு இறங்கியது இந்தக் கறுப்புச் சொட்டால்தான்.

கைப்பிடியும் மாறியது. ஜப்பானிய ஃபேமிகாமில் ஜாய்ஸ்டிக் வயர் கருவிக்குள்ளேயே பொருத்தப்பட்டிருந்தது. வயர் அறுந்தால் கருவியையே திறக்க வேண்டும். இங்கு வந்த பெட்டிகளில் அது கழற்றி மாட்டும் 9 பின் இணைப்பாயிற்று. கெட்டால் ஜாய்ஸ்டிக்கை மட்டும் வாங்கினால் போதும். விரலை எடுக்காமலே தொடர்ந்து சுடும் டர்போ பொத்தான்கள் கூடுதலாக வந்தன. ஃபேமிகாமோடு வந்த கைப்பிடியில் அவை இல்லை. பிறகு விளையாட்டுகள் கருவிக்குள்ளேயே பதிந்து வந்தன; கேசட் இல்லாமலும் ஆடலாம் என்றாயிற்று. விசைப்பலகையே கருவியாக, பேசிக் நிரலாக்கமும் தட்டச்சுப் பயிற்சியும் சேர்ந்து வந்த வகையும் உண்டு.

கேசட்டுக்குள் நடந்த வளர்ச்சியும் கவனிக்கத் தக்கது. சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழு விளையாட்டும் 40 கிலோபைட்தான். நினைவகச் சில்லுகள் மலிவானதும் பல விளையாட்டுகளை ஒரே கேசட்டில் அடுக்கி, தேர்ந்தெடுத்த விளையாட்டின் பகுதியை மட்டும் செயலியின் கண்ணில் படவைக்கும் மாற்றுச் சுற்று வந்தது. '9999 இன் 1' என்று ஒட்டுச் சீட்டில் இருக்கும். உள்ளே இருப்பவை மாரியோ, காண்ட்ரா, டேங்க் என்று எல்லோரும் அழைத்த பேட்டில் சிட்டி, ரோடு ஃபைட்டர், சர்க்கஸ் சார்லி, துப்பாக்கியால் வாத்து சுடும் டக் ஹன்ட் என ஒரு சில. மீதி எண்கள் அதே விளையாட்டை வேறு ஸ்டேஜிலிருந்தோ கூடுதல் லைஃபோடோ தொடங்கிவைக்கும். இதை ஏமாற்று என்று சொல்லலாம். எண்ணிக்கையைப் பொறுத்தவரை ஏமாற்றுதான். ஆனால் எட்டாவது ஸ்டேஜ் வரை போகத் தெரியாத சின்னப் பிள்ளையும் அந்த ஸ்டேஜைப் பார்க்க வழி அதில் இருந்தது.

இந்த மாற்றங்களை வளர்ச்சி என்று ஏற்க மறுப்பவர்களுக்கு நிண்டெண்டோவின் செயலே பதில். 2016 நவம்பரில் அந்த நிறுவனம் தன் பழைய கருவியின் சிறு வடிவத்தை வெளியிட்டது. கேசட் கிடையாது, 30 விளையாட்டுகள் உள்ளேயே பதிந்திருந்தன. பத்தாண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டுக் கடைகளில் தொங்கிய பெட்டிகளின் வடிவம் அது. வளர்ச்சியை பிட்டுகளால் மட்டும் அளப்பது ஓர் அளவுகோல். ஒரு கருவி எவ்வளவு மலிந்தது, எவ்வளவு சுருங்கியது, எத்தனை எளிதாகப் பழுது பார்க்க முடிந்தது, எவ்வளவு தூரம் பரவியது என்று அளப்பதும் அளவுகோல்தான். பெருவாரியான மக்கள் வாழ்வைத் தொட்ட மாற்றம் இரண்டாவது அளவுகோலில்தான் தெரியும்.

பழையது மறைந்தபின்தான் புதியது ஆளும் என்ற எண்ணமும் சான்றுகளோடு ஒத்துவரவில்லை. நிண்டெண்டோவே ஜப்பானில் ஃபேமிகாம் உற்பத்தியை 2003 வரை தொடர்ந்தது. அப்போது பிளேஸ்டேஷன் 2 வெளிவந்து மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. பிரேசிலில் டெக்டாய் நிறுவனம் 1989-இல் அறிமுகம் செய்த சேகாவின் 8-பிட் மாஸ்டர் சிஸ்டத்தைப் பல்லாண்டுகள், பல வடிவங்களில் விற்றுக்கொண்டே இருந்தது. அங்கும் காரணம் உயர்ந்த இறக்குமதி வரி. பிரேசிலின் கதையை உலகம் பெருமையோடு பதிவு செய்கிறது, அதற்கு உரிமம் இருந்ததால். தமிழ்நாட்டின் கதையில் உரிமம் இல்லை என்பதால் அது நடக்கவே இல்லை என்று ஆகிவிடாது.

உரிமம் இல்லை என்பதே இந்த வாதத்துக்கு எழும் வலுவான எதிர்ப்பு. அதை மழுப்பக் கூடாது. கேசட்டில் இருந்த விளையாட்டுகள் கொனாமி, நாம்கோ, நிண்டெண்டோ நிறுவனங்களின் உழைப்பு. அவற்றை அனுமதியின்றிப் பதிந்து விற்றது திருட்டு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டமும் 1984 திருத்தத்திலேயே கணினி நிரல்களுக்குக் காப்பு அளித்துவிட்டது. படைத்தவர்களின் பெயரைத் திரையிலிருந்து அழித்துவிட்டுத் தொடக்கப் பட்டியலை ஒட்டியவர்களை யாரும் பாராட்ட வேண்டியதில்லை. ஆனால் ஒரு செயல் சட்டப்படி சரியா என்பது ஒரு கேள்வி. அது நடந்ததா, எத்தனை வீடுகளில் நடந்தது, என்ன விளைவு தந்தது என்பது வேறு கேள்வி. திருட்டு ஒலிநாடாக்களை விட்டுவிட்டுத் தமிழ்த் திரையிசை எப்படிப் பரவியது என்று எழுத முடியாது. வீடியோ கேமுக்கும் அதே நேர்மை வேண்டும். நகல் எடுத்தவர் மேல் உள்ள குற்றத்தை, பணம் கொடுத்து வாங்கிய தறிக்காரர் வீட்டுப் பிள்ளையின் மேல் ஏற்றி, அந்தப் பிள்ளை எதையும் ஆடவில்லை என்று எழுதுவது இரட்டைத் தவறு.

இன்னோர் எதிர்ப்பு, இவை சில மாதங்களில் கெட்டுப்போகும் குப்பை என்பது. அடாப்டர் சூடேறும், பொத்தானின் ரப்பர் தேயும், கேசட் சரியாகப் பதியாமல் திரை வெளுத்து நிற்கும், இவை உண்மை. கேசட்டை வாயால் ஊதிவிட்டுச் செருகும் வழக்கம் எல்லா ஊரிலும் இருந்தது. ஊதுவதால் பயன் இல்லை. எச்சில் ஈரம் பின்களை அரிக்கவே செய்யும். கழற்றி மறுபடி மாட்டியதில் பின்கள் சரியாகப் படிந்ததே கருவி இயங்கக் காரணம். என்றாலும் இந்தப் பெட்டிகளை ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுது பார்க்கும் கடையிலேயே சரிசெய்ய முடிந்தது. அறுந்த வயரைப் பற்றவைக்கவும் அடாப்டரை மாற்றவும் நிறுவனத்தின் சேவை மையத்தைத் தேட வேண்டியதில்லை. ஒரு கருவி எங்கே வாழும் என்பதை அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் எங்கே இருக்கிறார் என்பதும் தீர்மானிக்கிறது. பெருநகரத்தைத் தாண்டாத கருவிகளுக்கு அந்த வேர் இல்லை.

கடைசியாக, கனமான ஒரு குறை. இருபது ஆண்டுகள் ஆடிய தமிழ்நாடு இந்தக் கருவிக்கென்று தன் சொந்த விளையாட்டை ஏன் எழுதவில்லை? இந்தக் குறை உண்மையானது, வருந்தத் தக்கது. முறையான கருவியிலும் நிலை இதைவிட மேலாக இல்லை. பிளேஸ்டேஷன் 2-க்கு இந்தியாவில் உருவான முதல் விளையாட்டு 'ஹனுமான்: பாய் வாரியர்' 2009-இல்தான் வந்தது, ஹைதராபாதில் உருவான அது வரும்போது அந்தக் கருவிக்கு ஒன்பது வயது. 8-பிட் கருவிக்கோ நிறுவனத்தின் அனுமதி என்ற தடை இல்லை. விசைப்பலகை வகைகளில் பேசிக் நிரலாக்கம் உள்ளேயே இருந்தது. ஆனால் சொல்லித்தரும் கையேடு தமிழில் இல்லை. பள்ளி ஆசிரியருக்கோ அது கணினி என்பதே தெரியாது. அதன் மதிப்பை வெளியிலிருந்து வந்தவர்கள் கண்டார்கள். டெரிக் லோமாஸ் முதலிய அமெரிக்க ஆய்வாளர்கள் 2000-களின் பிற்பகுதியில் இந்தியச் சந்தையில் ஏறக்குறைய பத்து டாலருக்கு விற்ற இதே விசைப்பலகைக் கருவிகளைப் பார்த்து, அவற்றுக்குக் கல்வி விளையாட்டுகள் எழுதும் பிளேபவர் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். வாய்ப்பு இருந்தது என்பதற்கு அதுவே சான்று. அந்த வாய்ப்பை இங்குள்ள கல்வித்துறை காணத் தவறியதற்கு, இந்தப் பெட்டியை யாரும் பொருட்படுத்தத் தகாத பொம்மை என்று நினைத்த அதே மனப்பான்மைதான் காரணம்.

இந்த வம்சத்தின் முடிவும் தெளிவானது. குழல் டிவி போய்த் தட்டைத் திரை வந்தபோது துப்பாக்கி முதலில் செத்தது. விசையை அழுத்திய கணத்தில் திரை இருண்டு, வாத்து இருந்த இடம் மட்டும் வெளுப்பதைத் துப்பாக்கியில் உள்ள ஒளியுணரி பார்த்துக்கொள்ளும். குழல் டிவியின் உடனடி ஒளிர்வை நம்பிய அந்த நுட்பம், படத்தைத் தாமதித்துக் காட்டும் புதிய திரையில் எடுபடவில்லை. 2016-இல் மலிவான இணையம் வந்தபின் விளையாட்டு கைப்பேசிக்கு மாறியது. அப்போது கைப்பேசியில் துப்பாக்கிச் சண்டை ஆட உட்கார்ந்தவர்கள் பலர் புதியவர்கள் அல்லர். இரண்டு பேர் சேர்ந்து காண்ட்ரா ஆடி, ஒருவர் லைஃபை மற்றவர் கடன் வாங்கி, ஸ்டேஜ் முடித்த பழக்கம் அவர்களுக்கு இருந்தது. தாவல் என்று சொல்லப்படுவது உண்மையில் ஒரு தொடர்ச்சி.

எனவே செய்ய வேண்டியது இரண்டு. தமிழ்நாட்டின் தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் மின்னணுப் பொழுதுபோக்கு என்ற அத்தியாயத்தை பிளேஸ்டேஷனிலிருந்து தொடங்குவதை நிறுத்த வேண்டும். அருங்காட்சியகங்களும் கல்லூரிகளின் மின்னணுத் துறைகளும் பரணில் கிடக்கும் இந்தப் பெட்டிகளையும் கேசட்டுகளையும், அவற்றை விற்ற, பழுது பார்த்த மனிதர்களின் நினைவுகளையும் இப்போதே திரட்ட வேண்டும். பிளாஸ்டிக் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கிறது, மனிதர்கள் முதுமைக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மிக அதிக காலம் வாழ்ந்த வீட்டு வீடியோ கேம் வம்சம் இந்த 8-பிட் பெட்டியே. அதைச் சேர்க்காத தலைமுறைக் கணக்கு இந்த மண்ணுக்குப் பொருந்தாது.